கெட்ட செய்தியை யார் சொல்வது? கொங்கு ஏற்றுமதியில் பண்பாட்டு வேறுபாடு

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஆண்டுதோறும் சனவரியில் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சி நடக்கிறது. கரூரில் நெய்து தைத்த படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் வெளிநாட்டு வாங்குவோரின் கண்ணில் படும் முக்கியமான இடம் அது. 2025-இல் அந்தக் கண்காட்சி தொடங்கிய நாள் சனவரி 14, தைப்பொங்கல். ஊரில் பானை பொங்கிக்கொண்டிருந்தபோது அங்கே சென்றிருந்த ஏற்றுமதியாளர்கள் கோட்டு அணிந்து மாதிரித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 2026-லும் கண்காட்சி பொங்கல் வாரத்தில்தான் வந்தது.

இப்படிப்பட்ட வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. தெரிவதால் முன்கூட்டியே ஏற்பாடும் செய்துவிடலாம். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியில் பாதி அலுவலகங்கள் பூட்டிக்கிடக்கும் என்பது திருப்பூருக்குத் தெரியும். சீனப் புத்தாண்டு நேரத்தில் அங்கிருந்து வரவேண்டிய ஜிப்பும் பட்டனும் வராது என்பதும் தெரியும். 04/05 என்று எழுதினால் அமெரிக்கருக்கு ஏப்ரல் 5, நமக்கு மே 4 என்பதால் மாதத்தை எழுத்தில் எழுதப் பழகிவிட்டோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிறவர்கள், மாரியம்மன் கோயில் நோன்பு சாட்டியவுடன் ஊருக்குக் கிளம்புகிறவர்கள், சத் பூஜைக்குப் பீகார் ரயில் ஏறுகிறவர்கள் என்று நம் பக்கத்து விடுப்புகளும் வாங்குவோரின் நாட்காட்டியில் மெல்ல இடம்பிடித்து வருகின்றன. கைகுலுக்கும் முறை, விருந்து மேசை ஒழுங்கு, ஜப்பானியர் நீட்டும் விசிட்டிங் கார்டை இரு கையால் வாங்குவது ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். பன்னாட்டு வணிகப் பயிற்சி வகுப்புகள் இவற்றிலேயே பெரும்பொழுதைச் செலவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கொங்குநாட்டு நிறுவனங்கள் ஆர்டரையும் பணத்தையும் இழப்பது கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டிய நேரத்தில்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூருக்கு 1978-இல் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் மும்பை வியாபாரிகள் வழியாக வந்தார். 1981-இல் ஐரோப்பியச் சில்லறை விற்பனை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2005 சனவரி 1 அன்று நாடுவாரியான ஜவுளி இறக்குமதி ஒதுக்கீட்டு முறை உலக அளவில் முடிவுக்கு வந்ததும் போட்டி கூடியது. ஆர்டர்கள் பெரிதாயின, வாங்குவோரின் விதிகளும் கூடின. இன்றைய முதலாளிகளில் கணிசமானோர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து தையல் மெஷினிலோ கட்டிங் மேசையிலோ நின்று மேலே வந்தவர்கள். இந்தப் பின்புலத்தை மறந்துவிட்டால் இங்குள்ள பேச்சு முறையையும் மௌன முறையையும் புரிந்துகொள்ள முடியாது.

ஆர்டர் உறுதியானதும் அதற்கு ஒரு கால அட்டவணை உருவாகிறது. நூல் வாங்கும் நாள், லேப் டிப் எனப்படும் சாய மாதிரிக்கு ஒப்புதல் பெறும் நாள், அளவு மாதிரி, தயாரிப்புக்கு முந்தைய மாதிரி, கட்டிங் தொடங்கும் நாள், இறுதிச் சோதனை, தூத்துக்குடியில் கப்பலேறும் நாள் என்று பத்துப் பதினைந்து தேதிகள் அதில் இருக்கும். ஹாம்பர்க்கில் அமர்ந்திருப்பவருக்கு இந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. திருப்பூரில் அமர்ந்திருப்பவருக்குக் கடைசித் தேதி மட்டுமே வாக்குறுதி, இடையில் உள்ளவை உத்தேசம். லேப் டிப் நான்கு நாள் தாமதமானால் ஹாம்பர்க்கில் உடனே கவலை பிறக்கிறது. திருப்பூரில், "கடைசியில் பிடித்துவிடலாம்" என்ற நம்பிக்கை இருக்கிறது.

அந்த நம்பிக்கை வெற்றுப் பேச்சில்லை. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் கூலிக்குச் செய்துதரும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இந்த ஊரில் சில கிலோமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு யூனிட்டில் வேலை தேங்கினால் மறுநாளே இன்னொன்றுக்குத் துணியை மாற்றிவிடலாம். வாங்குவோரின் அனுமதி பெறாத யூனிட்டுக்குத் துணி போனால் அது தனித் தகராறாகிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, நாற்பது ஆண்டுகளாக ஊரைக் காப்பாற்றிய திறமை இந்த நெகிழ்ச்சிதான். தாமதத்தை வெளியே சொல்லாமல் உள்ளேயே சரிசெய்துவிடுவது இங்கே தொழில்நேர்த்தியாக மதிக்கப்படுகிறது. வாங்குபவரைத் தேவையில்லாமல் பயமுறுத்தாமல் இருப்பது மரியாதை என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கடைசியில் பிடிப்பதற்கான விலையை இரவு வேலையாகவும் ஞாயிற்றுக்கிழமை வேலையாகவும் தொழிலாளர்கள் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், மிகைநேரம் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது தொழிலாளர் நிலைமைக்கான எஸ்.ஏ. 8000 என்ற பன்னாட்டுத் தரநிலையின் விதி. பெரிய வாங்குவோர் பலரின் நடத்தை விதிகளிலும் ஏறத்தாழ இதே வரம்புதான். ஆகவே தேதியைக் காப்பாற்றினால், இந்த விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று தொழிற்சாலையில் பார்க்கும் ஆடிட்டில் மாட்டுகிறோம், ஆடிட்டைக் காப்பாற்றினால் தேதி தவறுகிறது. இரண்டும் தவறி, சரக்கை விமானத்தில் அனுப்பச் சொன்னால் அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழுகிறது. டி-ஷர்ட் போன்ற லாபம் மெலிந்த பொருளுக்கு விமானக் கட்டணம் என்றால் அந்த ஆர்டரே நட்டம். நான்கு நாள் தாமதத்தை நான்காம் நாளே சொல்லியிருந்தால், வாங்குபவர் தம் கடைகளுக்குப் போகும் வரிசையை மாற்றியிருக்கக்கூடும், அல்லது சரக்கைப் பகுதி பகுதியாக ஏற்றச் சம்மதித்திருக்கக்கூடும். முப்பதாம் நாள் சொன்னால் அவர் கையிலும் எதுவும் மிச்சமிருக்காது.

அப்படியானால் ஏன் சொல்வதில்லை? நேர்மைக் குறைவு என்று ஐரோப்பிய வாங்குவோர் சிலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காரணம் நிறுவனத்துக்குள் இருக்கும் அதிகார அமைப்பு. வாங்குவோருடன் நாள்தோறும் மின்னஞ்சலில் பேசுபவர் மெர்ச்சண்டைசர். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞரோ இளம்பெண்ணோ, குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை. துணி தாமதம் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியவரும். ஆனால் அதை வெளியே சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. முதலாளியிடம் கேட்கவேண்டும். முதலாளியோ சாயப்பட்டறையில் பேசித் தீர்த்துவிட முயல்கிறார். அது தீரும்வரை எதையும் எழுதவேண்டாம் என்கிறார், அல்லது எதுவும் சொல்லாமலே விட்டுவிடுகிறார். வாங்குபவரின் மின்னஞ்சல் இரண்டு நாள் பதிலின்றிக் கிடக்கிறது. ஜெர்மன்காரர் அந்த மௌனத்தை அலட்சியம் என்று வாசிக்கிறார். மெர்ச்சண்டைசர் இருதரப்புக்கும் நடுவில் தலைகுனிந்து நிற்கிறார்.

கீர்ட் ஹாப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளிலிருந்து நாடுகளின் வேலைப்பண்பாட்டை அளக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அதில் அதிகார இடைவெளி என்பது ஓர் அளவுகோல்: மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. நாம் மேலே பார்த்த மௌனத்துக்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது. ஆனால் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து நாடுகளை அளந்த கணக்கு அது. நாட்டுக்கு ஓர் எண் என்று அது தருவதால் திருப்பூரும் டெல்லியும் ஒன்றாகிவிடுகின்றன.

எதிர்ப்புறமும் பார்க்கவேண்டும். கொங்குநாட்டு முதலாளி விலையையும் தேதியையும் தொலைபேசியிலேயே முடிவுசெய்துவிடுவார். ஐரோப்பியச் சில்லறை நிறுவனத்தின் இளநிலை வாங்குநருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தரப்பிரிவு, சட்டப்பிரிவு, கொள்முதல் தலைமை என்று அவர் பலரிடம் ஒப்புதல் பெறவேண்டும். ஜப்பானிய நிறுவனங்களில் முடிவுக்கு முன் எல்லாத் தரப்பையும் கலந்து பேசும் வழக்கம் இன்னும் ஆழமானது. ஆர்டருக்கு முன்பே நூறு கேள்விகள் வரும். உடைந்த ஊசியின் துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா, பதிவேட்டில் ஒட்டினீர்களா, பேக்கிங்குக்கு முன் ஊசி கண்டறியும் கருவியில் விட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 1995-இல் அங்கே நடைமுறைக்கு வந்த உற்பத்திப் பொருள் பொறுப்புச் சட்டம், பொருளில் உள்ள குறையால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் பொறுப்பாக்குகிறது. அதை அறிந்தவருக்கு அந்தக் கேள்விகள் சந்தேகமாகத் தோன்றாது.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இன்னொரு வேறுபாட்டைச் சுட்டினார். சில சமூகங்களில் சொல்லப்படாததே பாதிச் செய்தி, சிலவற்றில் எழுதியது மட்டுமே செய்தி. ஜாப் ஒர்க் தொழில் முழுவதும் முதல் வகை. "போன தடவை மாதிரியே" என்று தொலைபேசியில் சொன்னால் சாயப்பட்டறைக்காரருக்கு எந்த ஆர்டர், எந்த நிறம், எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் புரிந்துவிடும். ஒரே ஊர், ஒரே உறவு வட்டம், பல சமயம் ஒரே சாதி என்ற நெருக்கத்தில் வளர்ந்த நம்பிக்கை அது. டெலிவரி சலான் ஒன்றைத் தவிரக் காகிதமே இல்லாமல் லட்சக்கணக்கில் சரக்கும் கடனும் கைமாறுவது இதனால்தான். இந்த நம்பிக்கையின் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதே ஊரில் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தலித் தொழிலாளர்கள், பெண் மேற்பார்வையாளர்கள், வடமாநிலத்தவர்கள் ஆகியோர் அந்தக் குறிப்புகளை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய நிலையும் ஹாம்பர்க் வாங்குநரின் நிலையும் இந்த ஒரு விஷயத்தில் நெருக்கமானவை.

வேறுபாட்டைக் கொங்குத் தொழில் வெற்றிகரமாகக் கடந்த இடங்களும் உண்டு. நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீலம் ஒன்றா இல்லையா என்பது ஒரு காலத்தில் ஓயாத வாக்குவாதம். இன்று இரண்டையும் லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் டி65 என்னும் பகல் ஒளியிலும், டிஎல்84 என்னும் கடை விளக்கின் ஒளியிலும் வைத்துப் பார்க்கிறார்கள், நிறமானியில் எண்ணாகவும் எடுக்கிறார்கள். தரச் சோதனையும் அப்படித்தான். 3,000 உருப்படி கொண்ட சரக்கில், ஏற்றுமதியில் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 என்ற ஏற்கத்தக்க தர அளவில், 125 உருப்படியை எடுத்துப் பார்க்கிறார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் சரக்கு தேறும், 8 என்றால் தேறாது. முகத்தைப் பார்த்துப் பேசும் சங்கடம் அங்கே இல்லாமல் போனது. கெட்ட செய்தியை ஆள் சொல்லவேண்டாம், எண் சொல்லிவிடுகிறது. ஆனால் தாமதம், நெருக்கடி, மனக்குறை ஆகியவற்றுக்கு லைட் பாக்ஸ் கிடையாது. அவற்றை யாராவது வாய்திறந்துதான் சொல்லவேண்டும்.

வாங்குவோருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவில் இருக்கும் பையிங் ஹவுஸ் எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் கெட்ட செய்தி சொல்வதை எளிதாக்குகின்றன, சில சமயம் கெடுக்கவும் செய்கின்றன. வாங்குபவரின் கடுமையைத் தணித்து இங்கே சொல்கிறார்கள், இங்குள்ள சிக்கலைத் தணித்து அங்கே சொல்கிறார்கள். இருமுறை தணிந்த செய்தியில் அவசரம் காணாமல் போய்விடுகிறது.

தொழிற்சாலைக்குள் வந்தால் இதே கதை இன்னும் கனமாகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவரில் விரிசல் விழுந்ததைத் தொழிலாளர்கள் முந்தைய நாளே பார்த்திருந்தார்கள், ஆனாலும் மறுநாள் வேலைக்கு வரவைக்கப்பட்டார்கள். அதன் பிறகு உலக ஆடைத் தொழிலில் ஆடிட் இறுகியது. சுவரில் புகார்ப் பெட்டி, உள்ளகப் புகார்க் குழு, தொழிலாளருடன் தனி உரையாடல் எல்லாம் ஆடிட்டர்களின் பட்டியலில் முன்னுக்கு வந்தன. பெட்டி காலியாக இருந்தால் இங்கே முதலாளி பெருமைப்படுகிறார்: எங்கள் கம்பெனியில் குறையே இல்லை. ஆடிட்டருக்கோ காலிப் பெட்டியே சந்தேகம். இந்த இடத்தில் நான் ஆடிட்டர் பக்கம் நிற்கிறேன். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதமாக ஒரு புகாரும் வரவில்லையென்றால், சொல்வதால் பயனில்லை என்றோ சொன்னால் ஆபத்து என்றோ அங்குள்ளவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள் என்றே பொருள் கொள்ளவேண்டும்.

பெட்டியில் எழுதிப்போடுவது என்பதே இந்த மண்ணின் வழக்கமில்லை. லைனில் இருக்கும் ஓர் அக்காவிடம் சொல்வார்கள், அவர் மேற்பார்வையாளரிடம் சாடையாகச் சொல்வார். அந்த வழியை மதித்து, அப்படிப்பட்ட அக்காக்களைத் தொழிலாளர் குழுவில் உண்மையான பொறுப்போடு அமர்த்திய இடங்களில் குறைகள் வெளியே வருகின்றன. மொழி அடுத்த தடை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று திருப்பூரும் பெருந்துறையும் இயங்காது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் அஞ்சி ரயில் ஏறினார்கள். காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் மறுத்து, உதவி எண்களை அறிவித்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. நம்பிக் கேட்கத் தம் மொழியில் ஓர் ஆள் இல்லாத இடத்தில் செல்போன் வீடியோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய வாங்குநரோடு பேச ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடிச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம், ஒடியா தெரிந்த மேற்பார்வையாளரைத் தேடாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வாங்குவோர் மட்டும் எப்போதும் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறவர்கள் என்று நினைக்கவேண்டாம். 2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் பெருந்தொற்று பரவியபோது மேற்கத்திய நிறுவனங்கள் பல, தெற்காசியா முழுவதும் ஆர்டர்களை நிறுத்தின. தயாராகி நின்ற சரக்குக்கும் தள்ளுபடி கேட்டன, பணத்தைத் தள்ளிப்போட்டன. நேரடிப் பேச்சுக்குப் பெயர்பெற்ற நாடுகளிலிருந்து அப்போது வந்தவை ஒப்பந்தத்தின் சிறு எழுத்துக்குள் ஒளிந்த கடிதங்கள். பணம் என்று வரும்போது கெட்ட செய்தியைத் தள்ளிப்போடும் பழக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. வேறுபாடு என்னவென்றால், தாமதமாகச் சொல்லும் வாங்குபவருக்கு அபராதம் இல்லை.

இதே பழக்கம் நல்ல செய்தியையும் மறைத்துவிடுகிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்டதற்காக 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் முழுதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குச் சாயத்தொழில் மாறியது. ஒவ்வொரு கிலோ துணியிலும் அந்தச் செலவு ஏறியிருக்கிறது. நொய்யலில் வந்த சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளின் நீண்ட போராட்டத்தின் விலை அது. ஐரோப்பாவில் நுகர்வோர் சுற்றுச்சூழல் பற்றிக் கேட்கும் இந்த நாளிலும், விலைப்பேச்சில் இதை ஒரு வரியாகக்கூட எடுத்துவைக்காத நிறுவனங்கள் இருக்கின்றன.

மாற்றம் மெர்ச்சண்டைசரிடமிருந்து தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. மூன்று நாளுக்கு உட்பட்ட எந்தத் தாமதத்தையும் முதலாளியைக் கேட்காமலே வாங்குபவருக்கு எழுதலாம் என்று நிறுவனம் எழுத்தில் உரிமை கொடுக்கட்டும். அதற்கு மேற்பட்டதை அன்று மாலைக்குள் முதலாளி தீர்மானித்தாக வேண்டும். கடிதத்தில் வருத்தமும் மன்னிப்பும் ஒரு வரி போதும். "நீலநிறத் துணி சாயத்தில் ஒத்துவரவில்லை, 4,000 உருப்படியில் 1,200 பாதிக்கப்படும், 5 நாள் தாமதம். மற்ற 2,800-ஐக் குறித்த நாளில் ஏற்றிவிட்டு இதைத் தனியாக அனுப்பலாம், அல்லது முழுச் சரக்கையும் 5 நாள் தள்ளலாம். வியாழக்கிழமைக்குள் உங்கள் முடிவு வேண்டும்." இப்படி எழுதினால் ஜெர்மன் வாங்குநர் கோபப்படுவதைவிட நிம்மதியடைவதற்கே வாய்ப்பு அதிகம். இதை எழுதப் பழக்குவது கோவையிலும் திருப்பூரிலும் உள்ள கல்லூரிகளின் வேலை. ஆங்கில இலக்கணத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

வாங்குவோர் தரப்பிலும் ஒன்று நடக்கவேண்டும். தாமதத்தை முன்கூட்டியே சொன்னவருக்கும் கடைசி நாளில் சொன்னவருக்கும் ஒரே விமானக் கட்டணம், ஒரே அபராதம் என்றால் யார் முன்கூட்டியே சொல்வார்கள்? கப்பலேறும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு எழுத்தில் தெரிவித்த தாமதத்துக்கு அபராதமில்லை, சரக்கைப் பிரித்து ஏற்றலாம் என்ற விதி கொள்முதல் ஒப்பந்தத்தில் இடம்பெறவேண்டும். 2023 முதல் நடைமுறையில் இருக்கும் ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருவோரின் தொழிலாளர் நிலைமையையும் கவனிக்கவேண்டும் என்கிறது. மிகைநேர வேலைக்குத் தங்கள் தேதி நெருக்கடியும் ஒரு காரணம் என்பதை அந்த நிறுவனங்களிடம் எடுத்துவைக்க நம் கையில் இப்போது ஒரு சட்டப் பிடி இருக்கிறது. தனி ஏற்றுமதியாளர் கேட்டால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே திருப்பூர், கரூர், கோவை ஏற்றுமதியாளர் அமைப்புகள் ஒன்றாக அமர்ந்து இந்த ஒரு விதியை எழுதி, பெரிய வாங்குவோர் அனைவரிடமும் ஒரே நேரத்தில் நீட்டவேண்டும்.